மஞ்சள் காகிதம் சிவந்த ஞாயிற்றுக்கிழமை

நான் வேலை பார்க்கும் கடையில் தண்ணீரையும் உணவையும் காற்றையும் சோதிக்கிற சாமான்கள் விற்கிறோம். கிணற்றுத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் பட்டைகள், மீனில் ஃபார்மலின் இருந்தால் நிறம் மாறும் குப்பிகள், அம்மோனியா கசிந்தால் கறுத்துப்போகும் அட்டைகள் என்று எல்லாமே சட்டைப்பையில் அடங்குகிற சாமான்கள். நான் அங்கே இருப்பு பார்ப்பவன். என் வேதியியல் படிப்பு பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டது. ஆனாலும் வருஷக்கணக்காக ஒரே கடையில் பெட்டி அடுக்குகிறவனுக்குப் பெட்டிமேல் எழுதியிருப்பது மனப்பாடமாகிவிடும். உள்ளே இருப்பதும் தெரியும் என்கிற நினைப்பு தானாக வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தது.

ஒரு மழைக்காலத்தில் துறைமுகத்திலிருந்து வந்த பெட்டிகளில் சில நனைந்துவிட்டன. உள்ளே இருந்தவை நன்றாகத்தான் இருந்தன, மேலட்டைதான் கிழிந்து தொங்கியது. விற்க முடியாது என்று முதலாளி என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். உணவில் வெங்காரம், அதாவது போராக்ஸ், கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பெட்டிகள் அவை. வெங்காரம் போட்டால் மீன் உருண்டை பல்லுக்கடியில் துள்ளும், சீக்கிரம் கெடாது, தின்கிறவன் உடம்புதான் கெடும். ஒவ்வொரு பெட்டியிலும் மஞ்சள் தோய்த்த காகிதப் பட்டைகள் இருந்தன. அது நம் வீட்டுச் சமையல் மஞ்சள்தான். கூடவே இரண்டு குப்பிகள், ஒன்றில் அமிலம் கலந்த நீர், இன்னொன்றில் அம்மோனியா. பொருளை நசுக்கி அமில நீரில் ஊறவைத்து, அதில் பட்டையை நனைத்துக் காயவைக்க வேண்டும். வெங்காரம் இருந்தால் பட்டை சிவக்கும். சிவந்த இடத்தில் அம்மோனியா ஒரு சொட்டு விட்டால் கரும்பச்சையாக மாறும். அப்படி மாறினால்தான் உறுதி. இதையெல்லாம் பர்மியத்தில் தெளிவாகவே அச்சடித்திருந்தார்கள். நான் ஒரு தடவை படித்தேன்.

பர்மாவில் நாங்கள் குடியிருக்கும் தாகேதாப் பேட்டையில், எங்கள் தெருமுனைச் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் சோதனை ஆரம்பமாயிற்று. முதலில் என் மனைவி வாங்கிய நூடுல்ஸைச் சோதித்தேன். பக்கத்தில் நின்ற பர்மியப் பெண் தன்னுடையதையும் பார்க்கச் சொன்னாள். அடுத்த வாரம் நாலு பேர், அதற்கடுத்த வாரம் பத்துப் பேர். காய்கறிக்காரி எனக்காக ஒரு முக்காலி போட்டுவைத்தாள். எல்லாரும் என்னை ‘சயா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆசிரியரையும் டாக்டரையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெட்டி அடுக்குகிறவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதல் தடவை அது காதில் விழுந்த அன்று வீட்டுக்கு வந்து சட்டையை நானே இஸ்திரி போட்டேன். அடுத்த ஞாயிறு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சோதனையில் ஒரே ஒரு குறை, எதுவுமே சிவக்கவில்லை. வாராவாரம் மஞ்சளாகவே நின்றது. நல்ல செய்திதானே, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. “ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டுவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இதற்குள் அமில நீர் தீர்ந்துபோயிருந்தது, நான் வெறும் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தேன். அம்மோனியாக் குப்பியைத் திறந்தால் மூக்கு எரியும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன். சிவந்தால்தானே அது வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரு பட்டையாவது சிவக்காதா என்று ஏங்கினேன். அடுத்தவன் சாப்பாட்டில் விஷம் இருக்காதா என்று ஏங்கியவன் நான். இதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதிப் பயனில்லை.

சந்தை வாசலில் ஒரு தமிழ்ப் பெண் மீன் வடை போட்டு விற்பாள். ங்காபே என்கிற முள்மீனின் சதையைக் கரண்டியால் சுரண்டி, உப்புப் போட்டு உரலில் இடித்து, தட்டித் தட்டி எண்ணெயில் போடுவாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். அவளும் அவள் அக்காவும் விடிவதற்குள் இடித்து முடித்துவிடுவார்கள். அந்த ஒரு தட்டை நம்பித்தான் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அவளுக்கு வாய் அதிகம். வாங்க வருகிறவர்களைக் கிண்டல் செய்துகொண்டேதான் பொட்டலம் கட்டுவாள், அதற்காகவே வருகிறவர்களும் உண்டு. வடை பந்து மாதிரி துள்ளும். இடிக்கிற இடியில் துள்ளுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றிக் கூட்டமே இல்லை. யாரோ, “சயா, மீன் வடையைப் பாத்தீங்களா, எப்படித் துள்ளுதுன்னு?” என்றார்கள். எழுந்து அவள் தட்டுப் பக்கம் போய், ஒரு வடையை எடுக்கக் கையை நீட்டினேன்.

“அண்ணே, கையைக் கழுவிட்டு எடுங்க” என்றாள். பக்கத்தில் குவளையில் தண்ணீர் இருந்தது. “ஊருக்கெல்லாம் சோதனை போடுறீங்க. உங்க பல்லையும் விரலையும் ஒரு நாளாச்சும் சோதிச்சீங்களா?”

வடை வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு. இந்த ஊரில் பாதிப்பேருக்கு உண்டு, தெருவுக்குத் தெரு குன்யா என்கிற வெற்றிலைக் கடையில் மடித்துத் தருகிறார்கள். நான் கடையில் வாங்க மாட்டேன். சட்டைப்பையில் என் சுண்ணாம்பு டப்பா, என் பாக்கு, என் வெற்றிலை. பல் சிவந்திருப்பது எனக்கும் தெரியும். அதை அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாளே என்று சுருக்கென்று கோபம் வந்தது. கையைக் கழுவவில்லை. அவள் பார்க்கிற மாதிரி ஒரு வெற்றிலையை எடுத்து, டப்பாவைத் திறந்து, நிதானமாகச் சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். நீ சொல்லி நான் கேட்பதா என்பதுதான் அதற்கு அர்த்தம். வயது ஐம்பத்தெட்டு எனக்கு.

பிறகு வடையைப் பிட்டுத் தண்ணீரில் போட்டேன். பட்டையை நனைத்தேன். ஈரத்தை வடிக்க நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துத் தூக்கினேன்.

நுனி சிவந்தது. செங்கல் நிறத்தில் பளிச்சென்று சிவந்தது.

“பாருங்க! பாருங்க!” என்று கத்தினேன். பர்மியத்திலும் கத்தினேன். காய்கறிக்காரி ஓடி வந்தாள், மீன்காரர்கள் எழுந்து வந்தார்கள். பூ வாங்க நின்ற ஒரு பெண் போனை நீட்டிப் படம் எடுத்தாள். படம் சரியாக விழட்டும் என்று நானே பட்டையை அசைக்காமல் உயர்த்திப் பிடித்தேன்.

வடைக்காரியின் முகத்தில் முதலில் சிரிப்பு மாறவே இல்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். பிறகு எழுந்து நின்றாள். “அண்ணே, உப்பைத் தவிர ஒண்ணும் போடலேண்ணே. சாமி சத்தியமா. எங்க அக்காவைக் கேளுங்க.”

“காகிதம் பொய் சொல்லாதும்மா” என்றேன்.

அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை. டாக்டர்கள் பேசுகிற குரல் அது. அவள் மறுபடி, “இன்னொரு தடவை பாருங்கண்ணே” என்றாள். பட்டைகள் இன்னும் நிறைய இருந்தன. நான் பெட்டியை மூடினேன். சந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வந்து, விஷயம் தெளிவாகும்வரை உட்கார வேண்டாம் என்று அவளிடம் தன்மையாகத்தான் சொன்னார். அவள் எண்ணெய்ச் சட்டியை ஆறவைக்கக்கூட நேரமில்லாமல் துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எங்கள் வார்டில் எல்லார் போனிலும் இருந்தது. என் போனுக்கும் வந்தது. நான் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பினேன்.

ஐந்து வாரம் கழித்துப் பக்கத்துப் பேட்டையான தின்கன்ஜூனில் என் அக்கா மகள் கல்யாணம். கோயிலில் தாலி கட்டி முடித்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். ஆலம் சுற்ற வேண்டும். அக்கா தட்டில் மஞ்சள் கரைத்து வைத்திருந்தாள். சுண்ணாம்பை யாரோ எங்கேயோ வைத்துவிட்டார்கள்.

“தம்பி, உன் டப்பா இருக்கில்ல? ஒரு விரல் போடு, சீக்கிரம்” என்றாள்.

டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. அப்போதுதான் வெற்றிலை போட்டிருந்தேன், விரலிலேயே இருந்தது. அப்படியே தட்டில் விட்டுக் கலக்கினேன். மஞ்சள் தண்ணீர் விரலைச் சுற்றிச் சிவந்துகொண்டே போயிற்று.

எத்தனை கல்யாணத்தில், எத்தனை பிள்ளைப்பேற்றில் இதைப் பார்த்திருப்பேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று நம் வீட்டில் நண்டுசிண்டுக்கும் தெரியும். யாரும் பெட்டி வாங்கிப் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. அந்தச் சிவப்பைத்தான் நான் சந்தையில் தூக்கிப் பிடித்துக் கத்தியிருக்கிறேன். என் விரல் தட்டிலேயே நின்றுவிட்டது. “என்னடா மரம் மாதிரி நிக்கிறே, எடு கையை” என்று அக்கா அதட்டித் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

வீட்டின் பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியருகில் நின்று போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். விரலால் பெரிதாக்கினேன். சிவந்த பட்டை, அதைப் பிடித்திருக்கும் என் கட்டைவிரல், அதன் நகக்கண்ணில் வெள்ளையாக ஒரு கோடு. எல்லாம் அதிலேயே இருந்திருக்கிறது. எத்தனை பேர் பார்த்த படம், யார் கண்ணிலும் படவில்லை. நானும் பார்த்தேனே, பட்டையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லையே. அமில நீரில் நனைத்திருந்தால் அந்தச் சிவப்பு தங்கியிருக்காது. அம்மோனியா விட்டிருந்தால் கரும்பச்சையாக மாறாமல் காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டையும் விட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, வடைக்காரி கையைக் கழுவச் சொன்னாள். கழுவியிருந்தால் போதும்.

அன்றே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், “நீங்கதானே அந்த வெங்காரத்தைக் கண்டுபிடிச்சவர்?” என்று கேட்டபோது தலையைக்கூட ஆட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் சும்மா இருந்தேன். சந்தைக்குப் போகாமல் உடம்பு சரியில்லை என்று மனைவியிடம் சொன்னேன். பயமெல்லாம் ஒன்றுதான், சயா என்கிற பேர் போய்விடுமே என்று. வடைக்காரி வீட்டு அடுப்பு எரிகிறதா என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் சும்மா இருந்தேன்.

கடைசியில் ஓடையோரம் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். அவளும் அவள் அக்காவும் தரையில் உட்கார்ந்து, ஊறுகாய்க் கடைக்காக மூட்டை மூட்டையாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். உரல் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். தங்கை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். கிண்டல் எதுவும் செய்யவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வழியெல்லாம் உண்மையைத்தான் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். வாயைத் திறந்தபோது வேறு வந்தது. “மழையில நனைஞ்ச பெட்டிம்மா அது. காகிதம் கெட்டுப்போயிருக்கு. இப்பதான் தெரிஞ்சுது.”

அவள் ஒரு பல் பூண்டை உரித்துப் போட்டாள். “சரிண்ணே. அதைச் சந்தையில வந்து சொல்லிடுங்க” என்றாள்.

சொன்னேன். அடுத்த ஞாயிறு முக்காலியில் ஏறாத குறையாகச் சத்தமாகவே சொன்னேன். காகிதம் கெட்டது, வடை விஷயத்தில் தப்பு நடந்துவிட்டது என்று. பெரியவர் அவளை மறுபடி உட்காரச் சொன்னார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நேர்மையான மனுஷன் என்று காய்கறிக்காரி என் காதுபடவே சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மதியம்வரை ஏழெட்டு வடைதான் போயிற்று. வருகிறவர்கள் தட்டைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். நான் இரண்டு வடை வாங்கினேன். பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“காகிதம் கெட்டதுன்னா என் மீன் நல்லதுன்னு ஆயிடுமாண்ணே? கெட்ட காகிதம் ஒண்ணும் சொல்லலேன்னுதானே ஆகும்?”

பத்தாம் வகுப்புகூடப் படிக்காதவள். நான் இத்தனை நாள் யோசிக்காததை, அல்லது யோசிக்கப் பயந்ததை, இரண்டு வரியில் கேட்டுவிட்டாள். என்னைக் காப்பாற்றிக்கொண்டு அவளை அப்படியே சேற்றில் விட்டிருந்தேன். வடையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் கடையில் முழு விலை கொடுத்து ஒரு புதுப் பெட்டி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அவள் தட்டுக்கு முன்னாலேயே முக்காலியைப் போட்டு, எல்லாரையும் கூப்பிட்டேன். அவள் குவளைத் தண்ணீரில் கையைக் கழுவினேன், சோப்புப் போட்டு முழங்கைவரை. வடையைப் பிட்டு அமில நீரில் ஊறவைத்தேன். பட்டையை நனைத்தேன். வெயிலில் காயவைத்தேன். மஞ்சளாகவே இருந்தது. பிறகு சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து, கட்டைவிரலில் தொட்டு, வெறும் தண்ணீரில் நனைத்த இன்னொரு பட்டையின் நுனியை அன்றைக்கு இழுத்த மாதிரியே இழுத்தேன். சிவந்தது.

“காகிதம் கெடலே. அன்னைக்கும் கெடலே” என்றேன். “என் கைதான். கழுவச் சொன்னாங்க, நான் கழுவலே. இது தெரிஞ்சு பல வாரம் ஆச்சு. அதையும் மறைச்சேன்.”

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அன்று முதல் நான் சுண்ணாம்புச் சயா. சந்தைக்குள் நுழைந்தாலே இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. அன்று தட்டு மதியத்துக்குள் காலியானது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. “அன்னைக்கே சொன்னேனே” என்றாள், ஈயை விரட்டிக்கொண்டே. மன்னிப்புக் கேட்டேன். “ம்” என்றாள்.

வியாபாரம் திரும்பியது என்று சொல்லலாம், முக்கால்வாசி. சந்தையில் நின்று கேட்டவர்கள் திரும்பி வந்தார்கள். கேட்காதவர்கள் எங்கிருந்து வருவார்கள்? அந்தப் படம் ஓடைக்கு அந்தப் பக்கமும் போய்விட்டது, ஆற்றைத் தாண்டி த்வாண்டேவுக்கும் போய்விட்டது என்கிறார்கள். நான் சொன்ன உண்மையை யாரும் படம் எடுக்கவில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பழைய படம் புதுசு மாதிரி கிளம்பிவரும். வந்த வாரமெல்லாம் அவள் தட்டில் வடை மிஞ்சும்.

போன வாரம் மறுபடி வந்தது. அப்போது வெளியூரில் வேலை பார்த்து, இப்போது தின்கன்ஜூனில் ஆசிரியையாக இருக்கும் என் மகள் அனுப்பியிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேசினால் புரியும், எழுதுவதெல்லாம் பர்மியத்தில்தான். “அப்பா, இது உங்க சந்தையாமே? அந்த மீன் வடையை வாங்காதீங்க, அம்மாகிட்டேயும் சொல்லுங்க” என்று எழுதியிருந்தாள். சந்தையில் அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டவன், பெற்ற மகளிடம் மட்டும் இதைச் சொல்லவே இல்லை. அவள் கண்ணிலாவது அப்பாவாக இருக்கட்டும் என்று மனைவியின் வாயையும் அடைத்து வைத்திருந்தேன். சின்ன வயதில் அவள் பிடித்து நடந்த விரல் அது. படத்தில் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

“சரிம்மா” என்று எழுதினேன். அனுப்பப் போய், அழித்தேன். பிறகு பர்மியத்தில், அவளுக்குச் சந்தேகமில்லாமல் புரிகிற மாதிரி எழுதி அனுப்பினேன்: “அந்தக் கட்டைவிரல் உன் அப்பாவுடையது. நகத்தில் வெள்ளையாக இருப்பது சுண்ணாம்பு. மீன் நல்ல மீன். இந்தப் படம் உனக்கு யாரிடமிருந்து வந்ததோ அவர்களுக்கு இதையும் அனுப்பு.”